மூத்தோரைப் பேணலும் பழைய மாணவர் கடனும்

கல்லூரியொன்று பெருவிழாக் காணும் ஆண்டில் அதன் பழைய மாணவரது சிந்தை இயல்பாகவே பின்னோக்கிச் செல்லும். தாபகர்களை நினைந்து போற்றுகிறோம். அதிபர்களின் படங்களுக்கு மாலை சூட்டுகிறோம். எமக்கு எழுத்தறிவித்த ஆசான்மாரின் பெயர்களை மலரில் வரிசைப்படுத்துகிறோம். இவையெல்லாம் செய்யத்தக்கனவே. ஆயினும் இப்பட்டியல்களில் இடம்பெறாத ஒரு கூட்டத்தினர் உளர். காணியை ஈடு வைத்தும், காப்பையும் சங்கிலியையும் அடைவு வைத்தும், தோட்டத்து வெங்காயமும் புகையிலையும் விற்ற காசை முடிந்து வைத்தும் எம்மை இக்கல்லூரிக்கு அனுப்பிய தாய் தந்தையரே அவர். அவர்களுட் பலர் இன்று எண்பதையும் தொண்ணூறையும் அண்டிய பருவத்தில், எமது கிராமங்களின் பெரிய வீடுகளிலே தனித்திருக்கின்றனர். இவ்விழா மலரில் அவர்களைப் பற்றிச் சில கூற விரும்புகிறோம்.

பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடன் என்பதை எம்மவர்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பாலர் வகுப்பிலே நாம் பாடமாக்கிய கொன்றைவேந்தன் தாய் தந்தையரைப் பற்றிய அடியுடனேயே தொடங்குகின்றது. எம்மவரிடத்து அன்பு குறைந்துவிட்டது என்று மேடைதோறும் முழங்குவோர் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. எதை, எப்பொழுது, எவரைக் கேட்டு, எவ்வாறு செய்வது என்னும் அறிவே அருகியிருக்கின்றது. அந்த அறிவு நாட்டிலே இல்லாமலும் இல்லை. கந்தோர்களிலும், வைத்தியசாலைகளிலும், சட்டப் புத்தகங்களிலும், அநுபவம் பெற்ற குடும்பங்களின் நினைவிலும் அது சிதறிக் கிடக்கின்றது. அதனை ஒன்றுதிரட்டி, வேண்டும் குடும்பத்தின் கையிற் கொடுக்கும் பணியை எமது பழைய மாணவர் சங்கம் ஏற்றல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னாளில் இத்தகைய பணிக்குத் தேவை ஏற்படவில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பம் முதியோரைப் பேணுவதற்கென்றே அமைந்தது போன்ற ஒரு கட்டுக்கோப்பை உடையதாயிருந்தது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்திற் பதியப்பெற்று, 1806ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் சட்டமாக ஏற்றுக்கொள்ளப்பெற்ற தேசவழமையை எடுத்து நோக்குக. பெற்றோர் உயிருடன் இருக்கும் வரை ஆண்மக்கள் சொத்திற் பங்கு கேட்டல் ஆகாது என்றும், மணமாகாத காலத்தில் அவர்கள் ஈட்டியதையெல்லாம் பொதுச் சொத்திற் சேர்த்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. பெண்மக்களோ சீதனமாகப் பெற்ற வீட்டிலே கணவருடன் குடியிருந்தனர். அவ்வீடு பெரும்பாலும் தாய் வீடாகவோ, தாய் வீட்டின் அயலாகவோ இருந்தது. எனவே மகன் கொழும்பிற் கிளறிக்கல் உத்தியோகம் பார்த்தாலும், மலாயாவிற் புகைவண்டிப் பகுதியிற் கடமையாற்றினாலும், பெற்றோருக்கு மணியோடர் வந்துகொண்டிருக்கும். கஞ்சி வைத்துக் கொடுப்பதற்கு மகள் அருகில் இருப்பாள். மகனும் இளைப்பாறியதும் ஊருக்குத் திரும்பிவிடுவான்.

அந்தக் கட்டுக்கோப்பு எமது கண்முன்னரே குலைந்தது. 1983ஆம் ஆண்டின் கலவரமும் அதனைத் தொடர்ந்த போரும் இளையோரைக் கடல் கடந்து ஓடச் செய்தன. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. வீடுகளுடன் உறுதிகளும், பிறப்புச் சான்றிதழ்களும், குடும்பப் படங்களும் அழிந்தன. போர் 2009ஆம் ஆண்டில் முடிவுற்றபோது, ஒரு தாயின் நான்கு பிள்ளைகளில் ஒருவர் ரொறன்ரோவிலும், ஒருவர் இலண்டனிலும், ஒருவர் சிட்னியிலும் இருப்பது எமது ஊர்களில் வியப்புக்குரிய செய்தியன்று. நான்காமவர் போரில் மடிந்திருக்கவுங் கூடும். மகன் சென்றாலும் மகள் இருப்பாள் என்னும் பழைய நம்பிக்கை, மகளும் மணம் முடித்துக் கனடா சென்றதும் பொய்த்துப் போயிற்று.

நாடு முழுவதையும் நோக்கினும் நிலைமை மாறியே உள்ளது. 1981ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் 60 வயதை எய்தியோர் நூற்றுக்கு 6.6 பேர். 2012ஆம் ஆண்டில் அத்தொகை 12.4 ஆயிற்று. முப்பது ஆண்டுகளில் முதியோர் விகிதம் ஏறக்குறைய இரு மடங்காகியது. அவர்களைப் பேணவேண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கையோ குடும்பந்தோறும் குறைந்துள்ளது. இலவச மருத்துவமும் கல்வியும் தந்த நற்பயனாகிய நீண்ட ஆயுளைப் பழிப்பார் எவரும் இலர். அந்த ஆயுளின் இறுதிப் பத்தாண்டை எவ்வாறு நடத்துவது என்பதற்கு நாம் ஆயத்தஞ் செய்யவில்லை என்பதே குறை.

இன்று ஒரு குடும்பம் இவ்விடயத்தில் முடிவெடுக்கும் முறையைச் சிறிது ஆராய்வோம். தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகின்றது. அல்லது தந்தையாருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காமற் போகின்றது. அயலவர் தொலைபேசியில் அறிவிக்கின்றனர். மூன்று நாடுகளில் உள்ள மூன்று பிள்ளைகளும், ஒருவருக்கு விடியலும் மற்றவருக்கு நள்ளிரவுமாக, உரையாடுகின்றனர். ஒருவர் பணம் அனுப்பலாம் என்பார். ஒருவர் தம்மிடம் அழைக்கலாம் என்பார். ஒருவர் இல்லமொன்றிற் சேர்க்கலாம் என்று கூறி மற்றையோரின் கோபத்துக்கு ஆளாவார். வைத்தியசாலையிலிருந்து வீட்டிற்கு அனுப்பும் நாள் நெருங்குகின்றது. இறுதியில், ஊரில் எஞ்சியுள்ள மணமாகாத மகளோ, விதவையான சகோதரியோ, அயலிலுள்ள ஏழை உறவினளோ அந்தச் சுமையை ஏற்கிறாள். அவளை எவரும் கேட்பதில்லை. படுக்கையிற் கிடக்கும் தாயாரையும் எவரும் கேட்பதில்லை. பதற்றத்தில் எடுத்த முடிவு பத்தாண்டு வரை நீடிக்கின்றது. மூத்தவர் காலஞ்சென்ற பின்னரும் பிள்ளைகளிடையே பகையாக அது நிலைத்துவிடுகின்றது.

இத்தகைய குடும்பம் முன்னதாகவே அறிந்திருக்க வேண்டியவை யாவை? முதலாவது, நாட்டின் சட்டமும் அரசின் ஏற்பாடுகளும் ஆகும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எமது நாட்டில் நடைமுறையில் உள்ளது என்பதையே கற்றோருட் பலர் அறியார். அச்சட்டம் 60 வயதை எய்தியோரை முதியோர் என வரையறுக்கின்றது. பெற்றோரைக் கைவிடலாகாது என்று பிள்ளைகளுக்கு அது கடப்பாடு விதிக்கின்றது. தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து உதவி பெறுவதற்கு முறையிடத்தக்க பராமரிப்புச் சபையை அது நிறுவியது. முதியோர் இல்லங்கள் பதிவு பெறவேண்டும் என்பதும் அதன் ஏற்பாடுகளுள் ஒன்று. முதியோருக்கான தேசிய செயலகமும் இச்சட்டத்தின் வழித் தோன்றியதே. முதியோர் அடையாள அட்டை பெறுவதற்கும், எழுபது கடந்த வறியோர் மாதாந்த உதவித்தொகை பெறுவதற்கும் பிரதேச செயலகத்தை நாடவேண்டும். அதற்கு முதற்படி கிராம அலுவலரே. கிராமந்தோறும் அமைக்கப்பெற்ற முதியோர் சங்கங்கள் சில இடங்களிற் செவ்வனே இயங்குகின்றன. சில இடங்களிற் பெயரளவில் நிற்கின்றன. எது எவ்வாறு உள்ளது என்பதை அவ்வவ்வூரார் சொன்னாலன்றிக் கடல் கடந்திருப்போர் அறிதல் அரிது.

அரச சேவையில் இருந்து இளைப்பாறியோர் எமது சங்கத்திற் பெருந்தொகையினர். ஆண்டுதோறும் கொடுக்கவேண்டிய உயிர்வாழ்ச் சான்றிதழ் ஒருமுறை தவறினால் ஓய்வூதியம் தடைப்பட்டு, படுக்கையிலிருப்பவரின் மருந்துச் செலவு முட்டுப்படும். கணவர் மறைந்தபின் மனைவிக்கு உரிய விதவைகள் ஓய்வூதியத்தைப் பெறுவதற்கு விவாகப் பதிவுச் சான்றிதழ் கேட்கப்படும். முற்காலத்தில் ஐயரும் அக்கினியும் சாட்சியாக நடந்து, பதிவு பெறாத விவாகங்கள் எமது ஊர்களில் எத்தனை! அவை செல்லுபடியான விவாகங்களே எனினும், அதனை நிறுவுவதற்குத் துயரத்தில் ஆழ்ந்திருக்கும் எழுபது வயதுப் பெண்மணி கந்தோர் கந்தோராக அலைகிறாள். கணவர் உயிருடன் இருக்கும்போதே ஒரு நாட் பொழுதில் ஒழுங்கு செய்திருக்கத்தக்க காரியம் இது.

இரண்டாவது, சொத்து விடயம் ஆகும். எம்மவர் மனங்கூசாது பேசவேண்டிய பகுதி இதுவே. வீட்டைச் சீதனமாகவோ நன்கொடையாகவோ பிள்ளையின் பேரில் எழுதியபின், பெற்றோர் அவ்வீட்டிலேயே பல்லாண்டு குடியிருப்பது எமது வழக்கம். பிள்ளை ஊரில் இருக்கும்வரை இதில் இடர் தோன்றவில்லை. பிள்ளை வெளிநாடு சென்று, வீட்டை விற்கக் கருதும் நாளில், பெற்றோர் தாம் கட்டிய வீட்டிலே பிறர் தயவில் இருப்போராகிவிடுகின்றனர். உறுதி முடிக்கும்போது சீவிய உரித்தைத் தமக்கு வைத்துக்கொண்டு எழுதும்படி நொத்தாரிசைக் கேட்பதற்கு ஒரு வாக்கியம் போதும். அதைக் கேட்டாற் பிள்ளை மனம் நோகும், சம்பந்தம் குழம்பும் என்று அஞ்சி விட்டுவிடுவோர் பலர். மீளப் பெறமுடியாத நன்கொடையையும் கொடிய நன்றிகேட்டின் காரணமாக நீதிமன்றின் வாயிலாக நீக்குவதற்கு 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி செய்துள்ளது உண்மையே. ஆனால் எண்பது வயதில் பெற்ற பிள்ளைக்கு எதிராக வழக்காடும் துணிவும் வலுவும் எத்தனை பேருக்கு உண்டு? முதலிலே எழுதத் தவறிய ஒரு வாக்கியத்துக்கு அது ஈடாகாது.

அற்றோணித் தத்துவத்தின் நிலையும் அவ்வாறே. அறிவு தெளிவாக இருக்கும் காலத்தில், எந்தக் காரியத்துக்கு, எவருக்கு, எந்த எல்லை வரை அதிகாரம் என்று வரையறுத்துக் கொடுக்கப்படும் தத்துவம் பயன் தருவது. மறதி முற்றிய பின்னர் கைநாட்டு வாங்கி முடிக்கும் தத்துவம் குடும்பத்தையே வழக்கிலும் பழியிலும் வீழ்த்தும். அந்நிலையில் மாவட்ட நீதிமன்றத்தை நாடி, விசாரணையின் பின் மேலாளர் ஒருவரை நியமித்துக்கொள்வதே நேரிய வழி. மரணசாதனம் எழுதுவதை மரணத்தை அழைப்பதாகக் கருதும் அச்சத்தையும் எம்மவர் விட்டொழித்தல் நன்று.

மூன்றாவது, நோய் பற்றிய அறிவாகும். முதுமையில் வருவனவெல்லாம் முதுமையே என்று கைவிடுவது எம்மிடையே வேரூன்றிய தவறான எண்ணம். கண் மங்கினால் அது கண்புரையாக இருக்கலாம். சிறு சத்திரசிகிச்சையாற் பார்வை மீளும். நடை தளர்ந்தால் மருந்தொன்றின் அளவு மிகுந்திருக்கலாம். மூவர் மூன்று இடத்தில் எழுதிக்கொடுத்த மருந்துகளை ஒன்றாக விழுங்கித் தலைசுற்றி விழுவோர் பலர். எல்லா மருந்துச் சீட்டுக்களையும் ஒரு டாக்டரிடம் ஒருசேரக் காட்டினாலே பாதித் துன்பம் நீங்கும். வாய் கோணிக் கை சோர்ந்தால், எண்ணெய் தேய்த்துப் பொழுதைப் போக்காது, 1990 என்னும் இலக்கத்தை உடனே அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018ஆம் ஆண்டு தொடக்கம் வடமாகாணத்திலும் இயங்கி வருகின்றது. நாட்பட்ட வாதத்துக்கும் மூட்டு நோவுக்கும் கைதடிச் சித்த போதனா வைத்தியசாலையை நாடுவோரும் உளர். அங்கு உட்கொள்ளும் மருந்தை மற்றைய டாக்டருக்கு மறையாது கூறுதல் அவசியம்.

மறதி நோயைப் பற்றித் தனியே கூறவேண்டும். உணவருந்திய சிறு பொழுதில் "எனக்கு ஒருவரும் சோறு தரவில்லை" என்று படலையில் நின்று அயலவரிடம் முறையிடும் முதியவர் பொய் சொல்பவர் அல்லர், அவர் நோயாளி. காசைத் திருடிவிட்டாள் என்று மருமகளைத் தூற்றும் மாமியாரிடத்துப் பேசுவதும் பெரும்பாலும் நோயே. இதனை அறியாமையால் மருமக்கள் பழி சுமக்கின்றனர். முதியோர் ஏச்சும் அடியும் படுகின்றனர். தைரொயிட் சுரப்பிக் குறைபாடு, உயிர்ச்சத்துக் குறைவு, கிருமித்தொற்று, மனச்சோர்வு என்பவற்றாலும் மறதியும் குழப்பமும் உண்டாகும். இவற்றுட் பல சிகிச்சையால் மாறுவன. ஆதலால் முதலிலே டாக்டரிடம் காட்டுதல் வேண்டும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. "பைத்தியம் என்று ஊர் சொல்லும்" என அஞ்சி அப்படிகளை மிதியாதிருப்பது நோயாளிக்கு இழைக்கும் தீங்காகும்.

நான்காவது, வீட்டிலே வைத்துப் பேணும் முறையாகும். படுக்கையிற் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை புரட்டிக் கிடத்தாவிடிற் படுக்கைப்புண் உண்டாகும் என்பதை ஆயிரம் பவுண் அனுப்பும் மகன் அறியான். அருகில் நிற்கும் ஏழைப் பெண்ணுக்கும் எவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. விழுங்குவதற்கு இடர்ப்படுபவரைக் கிடந்த கிடையிற் பருக்கினாற் புரையேறி நுரையீரல் பழுதுறும். குளியலறையிற் பிடித்து நடக்க ஒரு கம்பி, இரவிலே ஒரு விளக்கு, வழுக்காத தரை என்பன சிறு செலவில் அமையத்தக்கவை. வெளிநாட்டுப் பணத்தில் மேல்மாடி கட்டும் எம்மவர் இச்சிறு காரியங்களை மறந்துவிடுகின்றனர்.

வீட்டோடு தங்கிப் பணிசெய்யும் பெண்களைப் பற்றியும் நியாயம் பேசவேண்டும். இரவு பகலாக ஒருத்தியே விழித்திருத்தல் இயலாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, ஒழுங்கான சம்பளம், பாரந்தூக்குவதற்கு உதவிக்கு ஓர் ஆள், நோயைப் பற்றிய விளக்கம் என்பன கொடாது, நகை காணாமற் போனதும் அவளைச் சந்தேகிப்பது அறமன்று. மூத்தவரை வருத்துவோரும் அவர்களுட் சிலர் இருக்கக்கூடும். இரு திறத்தாருக்கும் காப்பாக அமைவது எழுத்திலான உடன்படிக்கையும், வாரமொருமுறை நேரில் வந்து பார்க்கும் நம்பிக்கையான ஒருவரின் கண்ணுமாகும். 1986ஆம் ஆண்டு தொடக்கம் இந்நாட்டில் முதியோர் நலனுக்கு உழைத்துவரும் ஹெல்ப் ஏஜ் நிறுவனம் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்க்குப் பயிற்சியளித்து வந்துள்ளது. அவ்வகைப் பயிற்சி எமது ஊர்களிலே தமிழிற் பரவலாக நடைபெறல் வேண்டும்.

ஐந்தாவது, முதியோர் இல்லங்கள். இல்லத்திற் சேர்ப்பது பிள்ளைகளுக்கு மானக்கேடு என்னும் எண்ணம் எம்மவரிடத்து வலுவாக உண்டு. இவ்வெண்ணத்தின் பின்னால் நிற்கும் அன்பை நாம் மதிக்கிறோம். ஆயினும் பூட்டிய வீட்டில், உணவுப் பொட்டலம் வரும் நேரத்தை எண்ணிக்கொண்டு, பேசுவதற்கு ஆளின்றிக் கிடப்பதை மானமென்றும், ஒத்த வயதினருடன் காலையில் தேவாரம் பாடி, நேரத்துக்கு உணவும் மருந்தும் பெறுவதை மானக்கேடென்றும் கொள்வது எங்ஙனம் பொருந்தும்? கைதடியிலே அரச முதியோர் இல்லம் நீண்டகாலமாக இயங்கி வருகின்றது. சமய நிறுவனங்களும் தனியாரும் நடத்தும் இல்லங்கள் பலவுள. அவற்றுள் நல்லனவும் உண்டு. கட்டணத்தை வாங்கிக் கடமையை மறப்பனவும் இருக்கலாம். எனவே சேர்க்குமுன் நேரிற் சென்று பார்த்தல் வேண்டும். அதுவும் அறிவியாது சென்று பார்த்தல் வேண்டும். பதிவு பெற்றதா? இரவிற் காவலிருப்பவர் எத்தனை பேர்? டாக்டர் எப்போது வருகிறார்? நடக்க இயலாது போனாலும் வைத்துப் பேணுவார்களா? மரக்கறி உணவும், திருநீறும், கோயில் வழிபாடும் மதிக்கப்படுமா? முற்பணம் கொடுத்தால், இடையில் விலகும்போது மீளத் தருவார்களா? இவ்வினாக்களைக் கேட்டு விடைகளை எழுதிவைத்துக்கொள்வது குறைகாணலாகாது. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது இதனினும் பத்து மடங்கு விசாரிக்கும் எம்மவர், பெற்ற தாயை ஒப்படைக்கும் இடத்தை விசாரிக்கக் கூசுவதேன்?

எல்லாவற்றுக்கும் மேலாக, மூத்தவரின் விருப்பத்தைக் கேட்டறிதல் வேண்டும். அவர்கள் பாரமான பொருள்கள் அல்லர். கனடாவின் பனியில், பேரப்பிள்ளைகள் பாடசாலை சென்றபின் கண்ணாடி யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதை விரும்புவாரும் உளர். மாட்டேன் என்பாரும் உளர். தாம் விளக்கேற்றிய வீட்டிலேயே கண்மூட வேண்டுமென்பது ஒருவரின் ஆசையாயின், அதற்கேற்ற ஒழுங்கைச் செய்யமுடியுமா என்று முதலில் ஆராய வேண்டும். குணப்படுத்த இயலாத நோய் வந்தால் வைத்தியசாலையில் இருப்பதா, வீட்டுக்கு வருவதா என்பதையும் அவர் பேசக்கூடிய காலத்திலேயே பேசிவைத்தல் நன்று. இத்தகைய பேச்சை அபசகுனமென்று தடுப்போர் பிள்ளைகளே. முதியோர் பெரும்பாலும் அதனைப் பேசுவதற்கு ஆயத்தமாகவே இருக்கின்றனர்.

இவை யாவும் குடும்பத்தின் உள்வீட்டு விடயமாயிற்றே, கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்துக்கு இதில் என்ன வேலை என வினவுவார் உளராகலாம். எமது விடை இதுதான். டாக்டரும், சட்டத்தரணியும், நொத்தாரிசும், பிரதேச செயலகத்து உத்தியோகத்தரும், கிராம அலுவலரும், வங்கி முகாமையாளரும், தாதிய உத்தியோகத்தரை மணந்த ஆசிரியரும் எமது சங்கத்தின் அங்கத்தவர்களாய் உளர். வேறெந்த அமைப்பிலும் இவர்கள் இவ்வாறு ஒருங்கு கூடுவதில்லை. ரொறன்ரோவில் உள்ள ஒருவர் ஊரில் முன்பின் அறியாத ஒருவரிடம் தம் தாயாரின் நிலையைக் கூறத் தயங்குவார். ஒரே வாங்கில் இருந்து படித்தவனிடம் தயங்கார். இந்த நம்பிக்கை பணங்கொடுத்து வாங்க இயலாத செல்வமாகும். அதனைத் துடுப்பாட்டப் போட்டிக்கும் இராப்போசன விருந்துக்கும் மாத்திரம் செலவிடுதல் சிக்கனமன்று, வீண்செலவேயாம்.

ஆகவே நாம் முன்வைக்கும் யோசனைகள் இவை. கல்லூரியிலோ அதன் அயலிலோ ஓர் அறையை ஒதுக்கி, மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளிற் காலைப் பொழுதில் மூத்தோர் பராமரிப்பு ஆலோசனைக் கூடத்தைத் திறத்தல் வேண்டும். இளைப்பாறிய அங்கத்தவர் இருவர் அங்கு அமர்ந்து, வருவோரின் நிலையைக் கேட்டு, எக்கந்தோருக்கு எப்பத்திரத்துடன் செல்லவேண்டும், எந்த டாக்டரை நாடவேண்டும் என்று வழிகாட்டுவர். சட்ட ஆலோசனைக்கும் மருத்துவ ஆலோசனைக்கும் அங்கத்தவர் முறைவைத்து வரலாம். வெளிநாட்டில் இருப்போர் தொலைபேசி வழியாக அணுகலாம்.

அடுத்து, எமது ஊர்களுக்குரிய கைந்நூலொன்றைத் தமிழிலே தொகுத்தல் வேண்டும். சட்டம், கந்தோர், வைத்தியசாலைச் சிகிச்சை நாட்கள், பதிவு பெற்ற இல்லங்கள், சக்கர நாற்காலியும் நோயாளர் கட்டிலும் வாடகைக்குக் கிடைக்கும் இடங்கள், வீட்டுப் பணியாளர் உடன்படிக்கையின் மாதிரி ஆகியன அதில் இடம்பெறும். ஆண்டுதோறும் அது திருத்தப்பெறல் வேண்டும். பழைய தகவல் தகவலின்மையினும் தீங்கு பயக்கும். கைந்நூலில் எழுதப்பெறும் ஒவ்வோர் இல்லத்தையும் அங்கத்தவர் இருவர் நேரிற் கண்டிருத்தல் வேண்டும்.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அறை உண்டு, ஆள் உண்டு, அச்சுக்கூலியும் தொலைபேசிச் செலவுமே மிச்சம். இலண்டன், ரொறன்ரோ, சிட்னி, கொழும்புக் கிளைகள் ஆண்டொன்றுக்கு ஒரு விருந்தின் மிச்சப் பணத்தை அனுப்பினாலே போதுமானது. விழா ஞாபகார்த்தமாக வளைவு கட்டுவதை நாம் எதிர்க்கவில்லை. வளைவுக்கு ஒதுக்கும் பணத்தின் சிறு கூறு இதற்கும் ஒதுக்கப்பெறல் வேண்டும் என்றே கேட்கிறோம்.

இப்பணி நம்பிக்கையின்பாற்பட்டதாகலின் சில கட்டுப்பாடுகள் இன்றியமையாதன. கூடத்தில் அமர்வோர் எந்த இல்லத்திலிருந்தும், நொத்தாரிசிடமிருந்தும், வீட்டுத் தரகரிடமிருந்தும் தரகு பெறலாகாது. தம்மை நாடிவந்த முதியவரின் காணியைத் தாமோ தம் உறவினரோ வாங்கலாகாது. கேட்ட குடும்பச் செய்தியை வெளியிற் பேசலாகாது. முடிவு குடும்பத்தினதும் மூத்தவரதும் ஆகும். வழிகாட்டுவதோடு எமது வேலை நிறைவுறும். இக்கட்டுப்பாடுகளை மீறுவோர் அன்றே அப்பணியிலிருந்து நீக்கப்பெறல் வேண்டும்.

மாணவருக்கும் இதிற் பங்குண்டு. நோயாளியைக் கழுவித் துடைக்கும் வேலையைச் சிறுவர் தலையிற் சுமத்துதல் தகாது. எனினும் பத்திரிகை வாசித்துக் காட்டவும், விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கவும், கடல் கடந்த பேரனுடன் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேச ஒழுங்கு செய்யவும் உயர்தர வகுப்பு மாணவரால் இயலும். சாரணர் இயக்கமும் இந்து மாணவர் மன்றமும் இதனைத் தம் பணிகளுள் ஒன்றாக ஏற்கலாம். முதியோரிடமிருந்து அவர்கள் பெறுவதும் சிறிதன்று. எமது ஊர்களின் குளங்களும் ஒழுங்கைகளும் பெற்ற பெயர்க் காரணம் முதல், இடப்பெயர்வின் கதை வரை, எழுதப்படாத வரலாறெல்லாம் அவர்களின் நினைவிலேயே இருக்கின்றது. அதனைக் கேட்டு எழுதிவைக்கும் மாணவன் சரித்திர பாடத்தை வேறொரு கண்ணுடன் கற்பான்.

இன்னொன்றும் கூறல் வேண்டும். இப்பணி பிறருக்குச் செய்யும் தருமம் என எமது அங்கத்தவர் கருதுவாராயின் அது மயக்கமே. இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் பலர் அறுபதைக் கடந்தவர். ஏனையோரும் அப்பருவத்தை நோக்கியே செல்கின்றனர். எமது பிள்ளைகள் எமக்கு எத்தனை கல் தொலைவில் இருப்பர் என்பதை எம்மில் எவரும் அறியோம். இன்று எமது பெற்றோருக்காகத் திறக்கும் கூடத்தின் கதவை நாளை நாமே தட்டவேண்டி வரும்.

வருகின்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இவ்விடயம் பிரேரணையாகக் கொண்டுவரப்பெறல் வேண்டும் என்றும், ஐவர் கொண்ட செயற்குழுவொன்று அன்றே தெரிவு செய்யப்பெறல் வேண்டும் என்றும் நிருவாகத்தினரை வேண்டுகிறோம். கூடத்தின் முதற் சனிக்கிழமை இவ்விழா ஆண்டு முடிவதற்குள் அமையுமாயின், எம்மை இக்கல்லூரிக்கு அனுப்பிவைத்தோருக்கு நாம் செலுத்தவேண்டிய கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீர்ந்ததாகும்.